சூடான பழம் இங்கே கிடைக்கும்

6 ஜனவரி 2025, திங்கள்

காலண்டரைப் பார்த்துத் தேதியை எழுதினேன். அதற்கே ஒரு டீ ஆறிப் போனது.

இந்த நோட்டு டீச்சர் கொடுத்தது. அரியாங்குப்பத்தில் எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் பெயர் தேவிப்பிரியா. லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். என் பேத்தி வயது இருக்கும். "தணிகாசலம் ஐயா, தினமும் எதாவது எழுதுங்க. தப்பு வந்தா வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். அதனால்தான் பென்சிலில் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் பெரிய மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்தேன். இப்போது மகன் அருள்முருகன் பார்க்கிறான். வேறு என்ன எழுதுவது? கை வலிக்கிறது. மூட்டை தூக்கின வலி இல்லை. இது வேறு.

8 ஜனவரி, புதன்

பஸ்ஸில் என் தலைக்கு மேலே 'மகளிர்' என்று எழுதியிருப்பதை இன்றைக்குப் படித்தேன். எத்தனை வருஷமாக அந்த சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். பொம்பளைங்க ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைப்பேன். எழுந்து நின்றுகொண்டேன். நின்றபடியே இன்னொரு தடவை படித்தேன்.

11 ஜனவரி, சனி

இந்த வயதில் எதற்கு எழுத்து என்று அருள்முருகன் கேட்டான். அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி அங்கம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். கொய்யென்று கத்துகிறது என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். எனக்கு எழுதத் தெரியாது. ஒரே வீட்டில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர் கேட்டால் துடைப்பம் வரும். அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது எங்களுக்கு ஒரு ஸ்லேட்டு இருக்கிறது. அவள் வாயால் பேசுவாள், நான் பலப்பத்தால் பேசுவேன். முதல் நாள் 'சாப்டியா' என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "சாப்பிட்டியான்னு எழுதணும். நடுவுல ஒரு 'பி' வரும். எங்க அது? நீயே தின்னுட்டியா?" என்றாள்.

அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

ஒரு கஷ்டம் உண்டு. நான் ஒரு பதிலை எழுதி முடிப்பதற்குள் அவள் மூன்று விஷயம் தாண்டிப் போய்விடுகிறாள். முன்பும் அப்படித்தான்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் 'பொங்கல் வாழ்த்து' என்று நானே மாவால் எழுதினேன். பக்கத்து வீட்டு ஆடு 'வாழ்த்து' வரைக்கும் நக்கிவிட்டது.

17 ஜனவரி, வெள்ளி

டீச்சர் இன்று ஒரு செய்தி சொன்னார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் எங்களுக்கு விழா. ஒவ்வொருவரும் ஒரு பலகாரம் செய்து கடை போட வேண்டும். கடைப் பெயரைச் சொந்தக் கையால் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். செய்முறையை ஒரு பக்கம் எழுதி, மைக்கில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும்.

கொளஞ்சி உடனே எழுந்துவிட்டாள். அவள் எங்கள் தெரு முனையில் மீன் விற்கிறவள், கடற்கரைப் பக்கத்துக் குப்பத்துக்காரி. "டீச்சர், மீன் கொழம்புக்கு ஒரு பக்கம் எதுக்கு? மீனைக் கழுவு, கொழம்புல போடு. முடிஞ்சிது."

நான் சிரித்துவிட்டேன். என் பக்கம் திரும்பினாள். "என்னாண்ணே சிரிப்பு? எம் பேரு மொத எழுத்துக்கே கொம்பு இருக்குது. பாத்து."

எனக்கு என்ன செய்வதென்று உடனே தெரிந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுக்கு அங்கம்மாள் சின்ன வயசில் கூடை சுமந்து போய்ப் பழம் கொடுப்பாள். அந்த வீட்டம்மா அவளை அடுப்படியில் உட்காரவைத்து ஒரு இனிப்பு செய்து காட்டினார். அன்னாசியும் வாழையும் தட்டில் அடுக்கி, மேலே ரொட்டித் தூளும் வெண்ணெயும் தூவி, ரொட்டி அடுப்பில் வேகவைப்பது. சூடு ஆறுவதற்குள் மேலே சோசு, அதாவது காய்ச்சின சர்க்கரைப் பாகு, ஊற்றுவது. எங்கள் கல்யாணம் ஆன வருஷம் அங்கம்மாள் அதை எனக்குச் செய்து கொடுத்தாள். பழம் விற்கிறவனுக்குப் பழமா என்று நினைத்துக்கொண்டே வாயில் வைத்தேன். தட்டைக் கழுவுகிற வேலை அவளுக்கு இருக்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

ஸ்லேட்டில் எழுதினேன்: 'விழாவுக்கு நீ வரணும்.'

படித்தாள். துணியால் துடைத்துவிட்டாள். "வரல" என்றாள்.

'ஏன்' என்று எழுதினேன். அதற்கும் துணிதான்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. மார்க்கெட்டில் எங்கள் கடைக்குப் போர்டு கிடையாது, அவள் குரல்தான் போர்டு. காது போன பிறகும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு அம்மா கொய்யா கேட்டார்கள், இவள் சப்போட்டா கட்டிக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அவளுக்கு வாய்கள் திறப்பது மட்டும் தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள்தான். கடைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை.

ரெண்டு வருசமா நாலு சுவத்துக்குள்ள ஒக்காந்துகினு இருக்கிறா. மார்க்கெட்டு மொத்தமும் கேக்கற மாதிரி கூவினவ. எனக்கு மட்டும் ஊரு, எனக்கு மட்டும் விழாவா? நான் எழுதக் கத்துகினது யாருக்கு?

நாளைக்கு மறுபடியும் கேட்பேன்.

20 ஜனவரி, திங்கள்

கேட்டேன். "செவிட்டு பொம்பளைய கூட்டிகினு போயி எவனுக்கு காட்டப் போற?" என்றாள். நோட்டை மூடுகிறேன்.

22 ஜனவரி, புதன்

வர மாட்டாள், ஆனால் சொல்லிக் கொடுப்பாளாம். சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அன்னாசி ஒன்று. ரஸ்தாளி ஆறு, தோல் கறுத்தது. பட்டைப் பொடி ஒரு சிட்டிகை. நேற்றைய ரொட்டியைக் காயவைத்து இடித்த தூள் இரண்டு கை. வெண்ணெய் ஒரு எலுமிச்சை அளவு, சர்க்கரை ஒரு கை.

"யார் கை?" என்று எழுதிக் காட்டினேன்.

"எங்கை. உங்கையின்னா மொறம்" என்றாள்.

சோசுக்கு: சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்க வேண்டும். தேன் நிறம் வந்து, அதையும் தாண்டிச் செங்கல் நிறம் வரும்போது தேங்காய்ப்பால். கடைசியில் ஒரு துளி உப்பு.

எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். அவள் ஒரு இடத்தில்கூட அவசரப்படுத்தவில்லை. நான் எழுதும்போது என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

25 ஜனவரி, சனி

வீட்டில் ரொட்டி அடுப்பு ஏது? தெருக்கோடியில் கோவிந்தராசு பேக்கரி வைத்திருக்கிறார். மத்தியானம் ரொட்டி எடுத்த பிறகும் அவர் விறகு அடுப்பில் சூடு இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வீடு கேக் தட்டு கொண்டுபோய் அதில் வைப்பார்கள். நான் ஜனவரியில் போய் நின்றேன்.

"என்னா தணிகாசலம், பழம் விக்கலயா, எரிக்க வந்துட்ட?" என்றார்.

பழம் நன்றாகத்தான் வந்தது. மேலே பொன்னாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சோசு காய்ச்சினேன். சர்க்கரை உருகியது. செங்கல் நிறம் வந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றினேன். சடசடவென்று பொங்கி, கொஞ்ச நேரத்தில் மொத்தமும் கல்லாகிவிட்டது. கரண்டி நடுவில் நட்டுக்கொண்டு நின்றது.

அங்கம்மாள் வாசனை பிடித்து உள்ளே வந்தாள். கரண்டியைத் தூக்கினாள். சட்டியும் சேர்ந்து வந்தது.

"ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்து அப்படியே ஊத்தினியா?"

தலையாட்டினேன். எழுதிக் கொடுத்ததில் தேங்காய்ப்பால் என்று மட்டும்தான் இருந்தது. வெதுவெதுப்பாக என்று அவள் சொல்லவில்லை.

"அதைக்கூடவா சொல்லுவாங்க?"

ஸ்லேட்டில் எழுதினேன்: 'எழுதினாதான் தெரியும்.'

யோசித்தாள். "அது சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டு எத்தனை வருஷம். தாளில் 'வெதுவெதுப்பான' என்று சேர்த்தேன். பெரிய சொல். ஒரு வரியில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது.

26 ஜனவரி, ஞாயிறு

சட்டியைச் சுரண்டுகிறேன்.

31 ஜனவரி, வெள்ளி

வந்துவிட்டது. சோசு கரண்டியிலிருந்து நூலாக இறங்கியது. தட்டில் ஊற்றினால் ரொட்டித் தூளுக்குள் இறங்கி, அன்னாசிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கம்மாள் ஒரு தட்டு சாப்பிட்டாள். இன்னொரு தட்டு கேட்டாள். கோவிந்தராசுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் நின்ற ஆட்களை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுபடியும் ஸ்லேட்டை எடுத்தேன். நான் எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே, "வரல" என்றாள்.

5 பிப்ரவரி, புதன்

செய்முறைத் தாளை டீச்சர் பார்த்தார். இரண்டு இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். வேறு தப்பு இல்லை. தப்பு இல்லை என்று அவரே சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் தாளைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நடந்தேன்.

8 பிப்ரவரி, சனி

ஒரு ஆச்சரியம் நடந்தது. புரியவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் அன்னாசி நறுக்கிவைத்துவிட்டுக் கடைசி முறையாக ஸ்லேட்டில் எழுதினேன்: 'நாளைக்குப் பழம். நீ வந்தா நல்லா இருக்கும்.'

துடைப்பாள் என்று துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைக்கவில்லை. ஸ்லேட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"இதை ஏன்யா மொதல்லயே சொல்லல?"

சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் மூன்று வாரமாக? அவள் என் கையைப் பிடித்தாள். தோளைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியாம போச்சி. இரு, வெந்நி வெக்கிறேன்" என்று எழுந்து போனாள். வெந்நீரில் சுக்கு தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பழத்துக்கு எதற்குச் சுக்குத் தண்ணீர்?

9 பிப்ரவரி, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? காலையில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். அவள் தூங்குகிற மாதிரி இருந்தது, எழுப்பவில்லை. கோவிந்தராசு தன் பையன்களோடு தட்டுகளைச் சூடாகவே சைக்கிள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். சோசுச் சட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேஜை போட்டேன். அட்டையில் தடிப் பேனாவால் பெரிதாக எழுதிக் கட்டினேன். பக்கத்துக் கடை கொளஞ்சிதான். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நல்லா குண்டு குண்டா எழுதி இருக்கிறண்ணே" என்றாள். வகுப்பில் இருந்த எல்லாரும் வந்து படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். டீச்சர் வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அப்போது வாசல் பக்கம் ஒரு குரல்.

"யோவ். பயப்படாத. நான் வந்துட்டேன்."

மார்க்கெட்டுக் குரல். மைதானமே திரும்பிப் பார்த்தது. அங்கம்மாள். பொங்கல் புடவை. நெற்றியெல்லாம் வேர்வை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "எதுக்குப் பயம்? பேப்பரைப் பாத்து படிக்கப் போற. எதிர்ல நான் ஒக்காந்துக்கறேன். என்னையே பாத்து படி. வேற எவன் மூஞ்சையும் பாக்காத."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பயந்தேன் என்று யார் சொன்னார்கள்?

அவள் கண் அட்டைக்குப் போனது. உதட்டை அசைத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கொளஞ்சியின் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

நான் எழுதிக் கட்டியிருந்தது இதுதான்: சூடான பயம் இங்கே கிடைக்கும்.

ழ இருக்க வேண்டிய இடத்தில் ய.

ஐம்பது வருஷமாக வாயப்பயம், அன்னாசிப்பயம், பலாப்பயம் என்றுதான் கூவினேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ழ எனக்குத் தெரியாது என்று இல்லை. தமிழ் என்று எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன். பழத்துக்குள் அது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. செய்முறைத் தாளில் அன்னாசி, ரஸ்தாளி என்று பெயர்தான் எழுதியிருந்தேன், அதனால் டீச்சர் கண்ணிலும் படவில்லை.

நேற்று ஸ்லேட்டில் எழுதினதும் அதுதான். நாளைக்குப் பயம். நீ வந்தா நல்லா இருக்கும்.

ஊர் முன்னால் வர வெட்கப்பட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள், நான் பயப்படுகிறேன் என்று படித்ததும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "நீ பழம் செய்யறதுதான் எனக்குத் தெரியுமே. அதைப் போயி எழுதிக் காட்டுவாங்களா? அதான் நெஜமாவே பயந்துட்டியோன்னு நெனச்சேன்."

அதற்குள் டீச்சர் ஓடி வந்தார். அட்டையைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டு, "ஐயா, நான் மாத்திடறேன்" என்றார். அங்கம்மாள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ய-வை அடித்துவிட்டு மேலே ழ போட்டாள். அடித்தது நன்றாகத் தெரிந்தது. அதைப் படித்துவிட்டுக் காலேஜ் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "தாத்தா, ஒரு தட்டு பயம்." "எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தியா வைங்க, சோசு மேல ஊத்துங்க."

அவர்கள் சிரித்தார்கள். அங்கம்மாள் அவர்கள் வாயைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சப்போட்டா ஞாபகம் வந்தது. ஆனால் அவளும் சிரித்தாள். என்னப் பாத்து சிரிக்கல, ஒன்னப் பாத்துதான் என்று எனக்குக் கையைக் காட்டினாள். பையிலிருந்து ஸ்லேட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "காது கேக்காது. எத்தினி தட்டுன்னு எழுது" என்றாள். ஒவ்வொருவரும் எழுதினார்கள். ஒருத்தி தட்டுக்குப் பக்கத்தில் பூ வேறு வரைந்து கொடுத்தாள். அங்கம்மாள் அளந்து சோசு ஊற்றினாள். தப்பாக ஒன்றுகூடப் போகவில்லை.

பிறகு மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினேன். தாளை விரித்தேன். அப்போதுதான் வந்தது, நிஜமான பயம். முதல் வரியை எனக்கே கேட்காத மாதிரி படித்தேன்.

அங்கம்மாள் முன் வரிசையில் இருந்தாள். ஸ்லேட்டில் என்னவோ எழுதித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

'சத்தமா படி.'

காது கேட்காதவள்.

படித்தேன். வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் வரைக்கும், ஒரு துளி உப்பு வரைக்கும். கை தட்டினார்கள். அவள்தான் எல்லாருக்கும் கடைசியாக நிறுத்தினாள்.

10 பிப்ரவரி, திங்கள்

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் பயம். பழக்கடை இருந்த இடமெல்லாம் பயக்கடை. ஒவ்வொன்றாக அழித்து ழ போட்டேன். ரப்பர் பாதி தேய்ந்துவிட்டது. எட்டாம் தேதியிலும் திருத்திவிட்டேன். நேற்றைய பக்கத்தில் மட்டும் அந்த இரண்டு வரியைத் தொடவில்லை. தொட்டால் கதை புரியாது.

13 பிப்ரவரி, வியாழன்

கோவிந்தராசு கேட்கிறார், சனிக்கிழமை தோறும் நாலு தட்டு போட்டு அவர் கடையில் வைக்க முடியுமா என்று. அங்கம்மாளைக் கேட்க வேண்டும் என்றேன். ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு அவரே வந்து கேட்டார். அவர் எழுத்தைப் பார்த்து அவள், "என்னாய்யா கோழி கிளறின மாதிரி இருக்குது, இவரு எவ்ளோ தேவல" என்றாள்.

22 பிப்ரவரி, சனி

நாலு தட்டும் தீர்ந்தது. எனக்கு மிச்சம் இல்லை. அருள்முருகன் சாயங்காலம் வந்து கடையில் என்னென்ன பழம் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தான். அங்கம்மாள் என்னை அதை எழுதச் சொன்னாள். எழுதினேன். பலா வந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டாள்.

3 மார்ச், திங்கள்

காலையில் வகுப்புக்கு ஒரு புது நோட்டு வாங்கக் கடைத்தெரு போனேன். திரும்பி வந்தால் கதவு பூட்டியிருந்தது. தாழ்ப்பாளில் ஒரு தாள் செருகியிருந்தது. அங்கம்மாள் எழுத்து. சாய்ந்து சாய்ந்து, வேகமாக எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'கடைக்குப் போறேன். அருளுக்கு ரஸ்தாளி பாத்து எடுக்கத் தெரியல. பஸ்ஸிலதான் போறேன், பின்னாடியே ஓடி வராதே. சோறு மூடி வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு வா. சாவி கொளஞ்சியிடம்.'

வாசலில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். 'சாப்பிட்டுட்டு' என்பதை அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து அடியில் 'சரி' என்று எழுதினேன்.

எழுதின பிறகுதான் தோன்றியது, அதைப் படிக்க அவள் வீட்டில் இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாவி வாங்கி வந்து சாப்பிட்டாகிவிட்டது. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.